ஏழு தசம் ஒன்பது

என்னுடைய பழைய பட்டறைக் குறிப்புப் புத்தகம் ஒன்று இன்றும் என்னிடம் உள்ளது. அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, ஓரங்கள் மடிந்துபோன அப்புத்தகத்தின் நடுப்பகுதியில், முன்னும் பின்னும் உள்ள கணக்குகளோடு யாதொரு தொடர்புமின்றி, ‘7.9’ என்றோர் எண் தனியே எழுதப்பட்டிருக்கிறது. அதனருகில் ஒரு கேள்விக்குறி. எழுதிய காலம் 1990 ஆம் ஆண்டு ஆவணி மாதம். அந்தக் கேள்விக்குறிக்கு விடை காண எனக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன. விடை கிடைத்த இடமோ, ரொறன்ரோ மாநகரில் என் அயலவர் ஒருவருடைய வீட்டின் நிலவறை. அந்தக் கதையையே இங்கு எழுதப் புகுந்தேன்.

1990 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களை என் வயதினர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் வீடு கோட்டையிலிருந்து ஒரு மைலுக்கு உட்பட்ட தூரத்தில் இருந்தது. நான் நகரத்தில் ஒரு கடைசற் பட்டறையிலே தொழில் செய்துகொண்டிருந்தேன். ஒருநாட் பிற்பகல், மூத்த மகளை ஏணையில் இட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி. எங்கிருந்தோ வந்த சன்னம் ஒன்று யன்னற் கதவைத் துளைத்து, ஏணைக் கயிற்றுக்கு ஒரு முழம் அப்பால் இருந்த அலுமாரியிற் புதைந்தது. குழந்தை விழிக்கவுமில்லை. மனைவி சத்தமிடவுமில்லை. ஏணையை ஆட்டிய கை மாத்திரம் அப்படியே நின்றுவிட்டது.

மாலையில் நான் வீடு திரும்பி, அலுமாரிப் பலகையை உளியாற் கொத்திச் சன்னத்தை வெளியே எடுத்தேன். முனை நசுங்கியிருந்தது, அடிப்பகுதி வட்டம் குலையாமல் இருந்தது. அதை எறிந்துவிடும்படி மனைவி கேட்டாள். நான் உடனே எறியவில்லை. தொழிற்காரனின் பழக்கம் பொல்லாதது. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அளந்து பார்க்கச் சொல்லும். வேணியர் இடுக்கிமானியை எடுத்து அடிப்பகுதியின் விட்டத்தை அளந்தேன். 7.9 மில்லிமீற்றர். அக்காலத்திலே சண்டையிட்ட இரு தரப்பாரிடமும் இருந்த துவக்குகளின் பெயர் எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் மனப்பாடம்: ஏழு தசம் ஆறு இரண்டு. அவ்வாறாயின் இந்தச் சன்னம் 7.62 மில்லிமீற்றர் அல்லவோ இருத்தல் வேண்டும்? ஒரு மில்லிமீற்றரின் காற்பங்குக்கும் அதிகமான வித்தியாசம் எப்படி வந்தது? கடைசற் பட்டறையிலே காற்பங்கு மில்லிமீற்றர் என்பது சிறிய பிழையன்று. இடுக்கிமானியைத் துடைத்து மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே எண். எழுதி வைத்துக் கேள்விக்குறியும் இட்டேன். 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்தபோது, சன்னம் அந்த வீட்டோடு போயிற்று. குறிப்புப் புத்தகம் மாத்திரம் என்னோடு வந்தது.

பின்னர் கனடாவிற் குடியேறி, அங்கும் ஓர் இயந்திரப் பட்டறையிலேயே தொழில் செய்து, 2016 இல் ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு முதியவர் வாழ்கிறார்; கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பனிக்காலத்தில் என் வீட்டு வாசலையும் சேர்த்து வழிக்கும் நல்ல மனிதர். 2019 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள், நான் உலோக வேலை தெரிந்தவன் என்பதை யார் மூலமோ அறிந்துகொண்டு, என்னைத் தம் நிலவறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பூட்டிய இரும்புப் பெட்டகத்தில் ஒரு பழைய துவக்கு இருந்தது. 303 என்ற பெயரால் நம் நாட்டிலும் அறியப்பட்ட, நம் பொலிசார் நெடுங்காலம் தோளிற் சுமந்த லீ என்பீல்ட் வகை அது. இங்கிலாந்திலே 1943 இற் செய்யப்பட்டது. அவர் உரிமம் பெற்று அதனை வைத்திருந்தார், வாரத்திற்கு ஒருமுறை குறிபார்க்கும் மைதானத்திற் கடதாசி இலக்கை மாத்திரம் சுடுவார், வேட்டைக்குப் போவதில்லை.

அந்தத் துவக்குக்குரிய தோட்டாக்களை அவர் தம் கையாலேயே ஆக்கிக்கொள்கிறார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைக் கழுவிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பொட்டு வைத்து, நூல்களில் அச்சிட்ட அட்டவணையை மீறாமல் மருந்தை நிறுத்து இட்டு, வாயிற் சன்னத்தை இறுக்குவது அந்நாடுகளில் பலருக்கும் ஒரு கைத்தொழிலும் பொழுதுபோக்குமாகும். இவர் சன்னத்தையும் தாமே வார்ப்பவர். பழைய வாகனச் சில்லுகளிற் பொருத்தும் நிறைகளை உருக்கி, சிறிது வெள்ளீயம் சேர்த்து, அச்சில் ஊற்றி எடுப்பார். நம் நாட்டிலே உரிமம் இன்றி இவ்வேலையை நினைத்தும் பார்த்தல் ஆகாது என்பதை இளைஞருக்குச் சொல்லிவைக்கிறேன். நான் எழுதப் புகுந்தது தோட்டா ஆக்கும் விதத்தையன்று. ஓர் அளவைப் பற்றியே.

அவருடைய குறை இதுதான். வார்த்த சன்னங்கள் 100 யார் தூரத்திலுள்ள இலக்கிற் சிதறி விழுந்தன. சில சன்னங்கள் கடதாசியில் வட்டமான துளை இடாமல், பக்கவாட்டிற் புரண்டு சென்றதற்கு அடையாளமாக நீள்துளை இட்டன. மாலையிற் குழலைத் துடைக்கும்போது உட்சுவரில் ஈயம் அப்பியிருந்தது. சன்னத்தின் விட்டம் 0.312 அங்குலம். குழலை அளந்தபோது 0.309 அங்குலம் மாத்திரமே வந்தது என்றார். ஆகையால், சன்னம் அளவுக்கு மிஞ்சிப் பருத்ததனாலேயே குழல் அதனைச் சுரண்டி ஈயத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றும், 0.309 அங்குலத்திற்குக் குறைத்துவிட்டாற் குறை தீரும் என்றும் முடிவு செய்திருந்தார். அந்த முடிவு எவருக்கும் நியாயமாகவே தோன்றும். எனக்கும் அன்று அப்படியே தோன்றியது.

இவ்விடத்திற் குழலின் உள்ளமைப்பைச் சற்றுச் சொல்லவேண்டும். இவ்வகைத் துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பான வெறுங்குழாய் அன்று. நம் தோட்டத்திலே வரம்பும் வாய்க்காலும் மாறிமாறிச் செல்வது போல, குழலின் உட்சுவரில் ஒடுங்கிய தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். அவை நேராக ஓடாமல், திருகாணியின் புரி போலச் சுழன்று செல்லும். என்பீல்ட் முறையில் ஐந்து வாய்க்கால்கள். இடப்புறமாகத் திரும்பி, ஒவ்வொரு 10 அங்குலத்திற்கும் ஒரு முழுச்சுற்றுச் சுற்றும். சன்னம் வரம்புகளுக்கு மேலும் பருத்து, வாய்க்கால்களையும் நிறைத்துக்கொண்டு சென்றாலே அந்தச் சுழற்சியைப் பெறும். சுழலும் பம்பரம் விழாமல் நிற்பதுபோல, சுழலும் சன்னமும் புரளாமற் செல்லும். வாய்க்கால் நிறையாவிட்டால், பின்னாலிருந்து தள்ளும் சூடான வாயு இடுக்கின் வழியே முன்னே பாயும். ஈயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகுவது. வெடிமருந்தின் வாயுவோ அதனிலும் பன்மடங்கு சூடானது. ஆகவே சன்னத்தின் ஓரம் அரிபட்டு, அந்த ஈயமே குழலில் அப்பிக்கொள்ளும். இதனை அறிந்தபோதுதான் எனக்கு ஐயம் எழுந்தது. குழலில் ஈயம் அப்புவதற்குச் சன்னம் பருத்திருத்தல் ஒன்றே காரணமன்று, மெலிந்திருத்தலும் காரணமாகலாம்.

குழலை எவ்வாறு அளந்தீர்கள் என்று கேட்டேன். அவர் செய்தது வழக்கமான முறைதான். துவக்கு வெறுமையாக உள்ளதென்பதை உறுதிப்படுத்தி, தூண்டிலிற் கட்டும் மெல்லிய ஈயக் குண்டு ஒன்றை எண்ணெய் பூசிக் குழல் வாயில் வைத்து, மரச்சுத்தியலாலும் பித்தளைத் தண்டாலும் மெல்லத் தட்டி மறுபுறம் வெளியே எடுத்திருந்தார். மெல்லிய ஈயம் குழலின் அச்சை அப்படியே எடுத்துக்கொள்ளும். குழலின் வாய்க்கால் ஈயத்தில் வரம்பாகவும், குழலின் வரம்பு ஈயத்தில் வாய்க்காலாகவும் பதியும். அதனை நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளந்தால் குழலின் அகலம் தெரியவேண்டும். அவருடைய கணிச்சி நல்ல கருவி. கையும் நடுங்காத கை. எனினும் ஈயத்தைச் சுழற்றிச் சுழற்றி அளந்தபோது, ஒருமுறை 0.309, மறுமுறை 0.311, பிறிதொரு முறை 0.313 என எண்கள் மாறின. அதிகமாக வந்தது 0.309 என்பதனால் அதனையே உண்மையென்று கொண்டார்.

ஈயத் துண்டை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரை நோக்கியன்று, என் பழைய பட்டறை நாட்களை நினைத்து. ஐந்து வெட்டுமுனை உடைய கருவிகளைப் பட்டறையில் நான் எத்தனையோ முறை அளந்திருக்கிறேன். அங்கு புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனும் ஒருமுறையாவது விழுகின்ற குழி இது. நான்கு வரம்புகள் உள்ள பொருளிலே ஒரு வரம்புக்கு நேரெதிரே மற்றொரு வரம்பு இருக்கும். ஆறு உள்ளதிலும் அப்படியே. ஆனால் ஐந்து வரம்புகள் உள்ள பொருளில், ஒரு வரம்புக்கு நேரெதிரே இருப்பது வாய்க்கால். கணிச்சியின் ஒரு தாடை வரம்பின் உச்சியைத் தொட, மற்றத் தாடை வாய்க்காலின் அடியைத் தொடுகிறது. பெரிய வட்டத்தின் ஆரையையும் சிறிய வட்டத்தின் ஆரையையும் கூட்டி, அதுவே விட்டம் என்று கருவி நமக்குச் சொல்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி பிழையானது.

இதற்கென ஒரு தனிக் கணிச்சி உண்டு. அதன் ஒரு தாடை தட்டையாக இராமல், 108 பாகைக் கோணத்தில் ஆப்பு வெட்டியது போல இருக்கும். ஐந்து வரம்புள்ள பொருளை அதில் வைத்தால், இரண்டு வரம்புகள் ஆப்பின் இரு முகங்களிலும் அமர, எதிர்ப்புறத்து வரம்பைத் திருகு தொடும். மூன்று தொடுகையும் வரம்பின் உச்சியிலேயே நிகழும். வீட்டுக்குச் சென்று என் கருவிப் பெட்டியிலிருந்து அதனை எடுத்து வந்தேன். முதலில் அளவு தெரிந்த ஓர் உருளையை வைத்துக் கருவியைச் சரிபார்த்துக்கொண்டேன். பின்னர் ஈயத் துண்டை அளந்தேன். 0.315 அங்குலம். சுழற்றி வைத்து ஐந்து முறை அளந்தேன். ஐந்து முறையும் 0.315.

கணக்கு உடனே நேராயிற்று. 0.315 இன் பாதி 0.1575, வரம்புக்கு வரம்பு உள்ள 0.303 இன் பாதி 0.1515. இரண்டையும் கூட்டினால் 0.309. அவருடைய கணிச்சி சொன்ன அதே எண்! சன்னம் பருத்ததென்று அவர் எண்ணிய குழலில், உண்மையிலே சன்னம் ஆயிரத்தில் மூன்று பங்கு மெலிந்திருந்தது. ஆயிரத்தில் மூன்று அங்குலம் என்பது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு. போர்க்காலத்தில் விரைந்து செய்யப்பட்ட குழல்களில் இத்தகைய வேறுபாடு புதுமையன்று. வார்த்த ஈயச் சன்னம் வாய்க்கால் அளவிலும் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ மிகுதியாக இருத்தல் வேண்டும் என்பது அத்தொழிலறிந்தோர் கொள்கை. ஆகவே அவருக்கு வேண்டியது 0.309 அன்று, 0.316 அல்லது 0.317. அவர் தம் முடிவின்படி சன்னத்தைக் குறைத்திருந்தால், நோய்க்கு மாறான மருந்தை இன்னும் அதிகமாகக் கொடுத்தவர் ஆகியிருப்பார்.

அப்போதுதான் நான் அவரிடம் என் நெடுநாட் கேள்வியைக் கேட்டேன். 303 என்று பெயர் கொண்ட துவக்குக்கு 0.315 அளவில் வாய்க்கால் இருப்பானேன்? அவர் வெகு இயல்பாக விடை சொன்னார். பெயர் வரம்பைக் கொண்டு இட்டது. சன்னம் வாய்க்காலைக் கொண்டு செய்வது. 303 இன் செம்புறைச் சன்னம் 0.311 அல்லது 0.312. அவ்வாறே 7.62 என்று பெயர் பெற்ற ரசியத் துவக்கின் சன்னம் ஏறக்குறைய 7.9 மில்லிமீற்றர்.

நான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஜேர்மனியரின் எட்டு மில்லிமீற்றர் மவுசர்த் தோட்டாவுக்கு 1888 இற் சன்னம் 8.08 மில்லிமீற்றராக இருந்ததையும், 1905 இல் அது 8.2 ஆக மாற்றப்பட்டதையும், பழைய ஒடுங்கிய குழலிற் புதிய பருத்த சன்னத்தைச் சுட்டால் அமுக்கம் அபாய எல்லையைக் கடக்கக்கூடும் என்பதையும் சொன்னார். நம் கமக்காரர் அறிந்த பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் பெயரோ அங்குலக் கணக்கே அன்று. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவே அக்குழலின் துளை: 0.729 அங்குலம். பெயரை நம்பிப் பொருளை ஆக்குபவன் கெடுவான், அளந்து ஆக்குபவன் தப்புவான் என்றார் அவர். எனக்கோ அவர் சொல்லில் ஒரு பாதிதான் காதில் விழுந்தது. ஏணைக் கயிற்றின் அருகே பலகையைக் கொத்திய உளியின் ஒலியே கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த சில வாரங்கள் பொது நூல்நிலையத்திற் கிடைத்த நூல்களை எடுத்து வாசித்தேன். சன்னத்தையும் குழலையும் பொருத்தும் இந்தச் சிறு சங்கதியில் எத்தனை பெரிய விடயங்கள் தொங்கிக்கொண்டிருந்தன என்பதைக் கண்டு வியந்தேன். முன்னாளிலே துவக்கின் வாய்வழியாகவே சன்னத்தை இட்டனர். இறுக்கமாக இருந்தால் உள்ளே இறங்காது. தளர்வாக இருந்தால் வாய்க்காலைப் பற்றாது. 1849 இல் மினியே என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரி இதற்கொரு வழி கண்டார். சன்னத்தைத் தளர்வாகச் செய்து, அதன் அடியைக் குடைந்து விட்டார். வெடிக்கும்போது வாயுவின் அமுக்கத்தால் அடி விரிந்து வாய்க்காலை நிறைத்துக்கொள்ளும். இதன் வழிவந்ததே பிரித்தானியரின் 1853 ஆம் ஆண்டு என்பீல்ட் துவக்கு. குழல் 0.577 அங்குலம், சன்னம் 0.568. இடையில் உள்ள ஆயிரத்தில் ஒன்பது பங்கைக் கொழுப்புப் பூசிய கடதாசி நிரப்பியது. அந்தக் கொழுப்பு பசுவினதா பன்றியினதா என்ற ஐயம் 1857 இல் இந்தியச் சிப்பாய்களிடையே மூட்டிய தீயை நாம் பாடசாலையிற் படித்திருக்கிறோம். அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், கொழுப்பு அங்கே வந்து சேர்ந்தது ஒரு சன்னமும் ஒரு குழலும் பொருந்தவேண்டிய இடைவெளியின் பொருட்டே என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

என் தொழிலுக்கு மூதாதை ஒருவரையும் அந்நூல்களிற் கண்டேன். திருகாணிப் புரிக்கு 1841 இல் ஒரு நியமம் வகுத்த யோசப் விட்வேர்த்தின் பெயரைப் பட்டறையில் அறியாதவர் இல்லை. அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை உணரும் அளவைப் பொறியைச் செய்தவர் அவர். அவரைத் துவக்கு செய்யும்படி கேட்டபோது, குழலை ஆறுபக்க வடிவாகச் செய்து, சன்னத்தையும் அதே ஆறுபக்க வடிவிற் பொருந்தச் செய்தார். 1860 இல் விம்பிள்டனில் விக்ரோறியா மகாராணியார் தாங்கியில் ஏற்றி வைத்த அந்தத் துவக்கின் கயிற்றை இழுக்க, 400 யார் தூரத்து இலக்கின் நடுவை அண்மித்துச் சன்னம் பாய்ந்தது. பட்டறையிலே நான் கையாண்ட திருகாணியும் அந்தச் சன்னமும் ஒரே மனிதனின் கையிலிருந்து வந்தவை என்பது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

கூச்சத்திற்குக் காரணம் விரைவில் என் வாசலுக்கே வந்தது. சன்னத்தை அழுத்தி ஒரே அளவாக்குவதற்கு, கடினமான உருக்கிற் செய்த ஓர் அளவுத் துளை அவரிடம் இருந்தது, 0.314 அங்குலம். அதனை 0.3165 ஆக அகலித்துத் தர முடியுமா என்று கேட்டார். என் வாகனக் கொட்டகையிலே ஒரு சிறு கடைசல் இயந்திரம் இருப்பது அவருக்குத் தெரியும். பித்தளைத் தண்டில் மெருகுத்தூள் பூசி அரைமணி நேரம் தேய்த்தால் முடிகின்ற வேலை. கை பரபரத்தது. நான் சரியென்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இரவு உணவின்போது மனைவியிடம் சொன்னேன். ஏழு தசம் ஒன்பதின் விடை கிடைத்த செய்தியையும் அப்போதே முதன்முதலாகச் சொன்னேன். மகிழ்வாள் என்று எண்ணிய என் அறிவீனத்தை என்னென்பது! அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, அண்டைக்கு அந்தச் சன்னத்தை எறியச் சொன்னன். நீங்கள் எறியேல்லை, அளந்தியள். நான் ஒண்டும் பேசேல்லை. இண்டைக்கு அது நேராப் போறதுக்கு வழி செய்து குடுக்கப் போறியளோ?”

“அவர் கடதாசியைத்தானே சுடுகிறார்?” என்றேன்.

“அது எனக்கும் தெரியும். அவர் நல்ல மனிசன். நான் அவரைப்பற்றிக் கதைக்கேல்லை. உங்கட கையைப்பற்றிக் கதைக்கிறன்.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. நான் கொட்டகைக்குச் சென்று, இயந்திரத்தின் முன் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். அளப்பது ஒன்று, ஆக்குவது மற்றொன்று. அளந்து உண்மை சொல்வதில் எனக்கு எவ்வித மனக்குறையும் இல்லை. பிழையான எண்ணைக் கொண்டு அவர் பிழையான சன்னத்தை ஆக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அயலவனுக்கு அழகன்று. ஆனால், இந்தத் துளையை என் கையால் அகலித்தால், அதன் வழியாகச் செல்லும் ஒவ்வொரு சன்னமும் என் கையின் அளவைத் தாங்கிச் செல்லும். கடதாசியைத்தான் துளைக்கும், உண்மை. எனினும், என் மனைவியின் கை ஏணைக் கயிற்றில் அசையாமல் நின்ற அந்த நேரத்தை நான் கண்ணாற் கண்டவன் அல்லேன், அவள் கண்டவள். அந்த இடத்தில் அவள் சொல்லுக்கே நிறை அதிகம் என்று தோன்றியது.

மறுநாட் காலை அந்த உருக்குத் துண்டை, தொட்டபடியே தொடாமல், அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தையும் மறைக்காமற் சொன்னேன். அவர் சினக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, தம் தந்தையார் 1943 இல் இத்தாலிக்குச் சென்ற கனடியப் படையில் இத்தகைய துவக்கையே சுமந்தவர் என்றும், திரும்பி வந்த பின் அந்தப் போரைப்பற்றி இறக்கும்வரை ஒரு வார்த்தை பேசியவர் அல்லர் என்றும் சொன்னார். தந்தை சொல்லாமல் விட்டதை அறியும் பொருட்டே தாம் அந்தத் துவக்கை வாங்கியதாகவும், நாற்பது ஆண்டுகள் சுட்டும் கடதாசி ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். 0.3165 அளவுத் துளையை ஒரு கடையிலிருந்து வரவழைத்துக்கொண்டார். பருத்த சன்னத்தால் கோதின் கழுத்து விரிந்து, குழலின் அறையில் இறுகாதா என்பதை முதலில் வெறுந்தோட்டாவை இட்டுப் பார்க்கும்படி நான் நினைவூட்டினேன். படைக்கென அகலமாக வெட்டிய அறை, தடையின்றி ஏற்றுக்கொண்டது.

ஒரு மாதத்தின் பின் கடதாசி இலக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பத்துத் துளைகள், பத்தும் நல்ல வட்டம், எல்லாவற்றையும் உள்ளங்கையால் மறைக்கலாம். குழலில் ஈயம் அப்பவில்லை என்றார். என் மனைவி அவருக்குத் தேநீரும் தட்டைவடையும் கொண்டுவந்து வைத்தாள். கடதாசியை வாங்கிச் சற்று நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அதனைக் கவனமாக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

இதனைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். பரிசோதனைக் கூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சியைக் கையில் எடுக்கும்போது, கருவியின் பூச்சிய வழுவை மாத்திரம் பார்த்து அமைதி அடைந்துவிடாதீர்கள். அதன் இரு தாடைகளும் பொருளின் எந்த இடத்தைத் தொடுகின்றன என்பதையும் பாருங்கள். அளக்குந்தோறும் எண் மாறினால், அதிகமாக வந்த எண்ணை உண்மையென்று கொள்ளாதீர்கள். ஏன் மாறுகிறது என்று கேளுங்கள். நான் ஐம்பது ஆண்டு இத்தொழிலில் இருந்து கற்றது இவ்வளவே.

குறிப்புப் புத்தகத்தை எடுத்து, 7.9 என்ற எண்ணின் அருகே இருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டு, ‘வாய்க்கால் அளவு’ என்று எழுதினேன். பின்னால் நின்ற என் மனைவி எட்டிப் பார்த்தாள். அந்தச் சன்னத்தைச் சுட்டவர் யார் என்று அந்தப் புத்தகத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி, மூடி வையுங்கோ என்றாள். மூடி வைத்தேன். அன்று மாலை மகள் தன் இரு பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இந்தக் கதை இன்னும் தெரியாது. இதனை வாசித்தே அறிவாள்.